அட்டையில் எழுதாத வரி

பிப்ரவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவது வழக்கம். உன் கடிதத்தைப் படித்த பிறகு அப்படிக் கேட்கக் கை வரவில்லை. உறையின் மேல் இருந்த கையெழுத்து உன்னுடையது அல்ல என்று பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. கடிதத்தின் அடியில் “அம்மா சொல்லச் சொல்ல எழுதியது” என்று உன் மகள் குறித்திருந்தாள். வலது கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது என்பதை நீ ஏதோ குடை தொலைந்த மாதிரி சொல்லியிருக்கிறாய். “எதிர்ல வர்றவங்க தெரியல, ஓரமா ஒதுங்குறவங்கதான் நல்லாத் தெரியுறாங்க” என்ற வரியை மூன்று தரம் படித்தேன். உன் வாய் மட்டும் மாறவில்லை.

இந்தக் கடிதத்தை உனக்குப் படித்துக் காட்டப்போவது உன் மகள்தான். ஆகவே நாம் அந்தக் காலத்தில் செய்த அசட்டுத்தனங்கள் எதையும் எழுதப்போவதில்லை. பிள்ளைகள் முன்னால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்ச வேண்டும்.

கேட்டதற்கு வருகிறேன். எங்கள் துறையின் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு முதுநிலை வேதியியலில் அறுபது சதவீதம் வேண்டும். உன் மகளுக்கு அது இருக்கிறது. நுழைவுத் தேர்வு ஒன்று உண்டு, அதையும் எழுதிவிடுவாள். மூன்று ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், அவர்களே நேரடியாக அனுப்ப வேண்டும். இருபது ஆண்டுகளாக இந்தக் கடிதங்களைப் படிக்கிறேன். எல்லா மாணவர்களும் வகுப்பின் முதல் ஐந்து பேருக்குள்தான் இருக்கிறார்கள். ஆறாவது ஆள் எங்கே போனார் என்று யாரும் எழுதியதில்லை. பிறகு, ஏன் ஆய்வு செய்ய வருகிறேன் என்று இரண்டு பக்கத்தில் ஒரு நோக்க உரை. சின்ன வயதிலிருந்தே வேதியியல் என்றால் உயிர் என்று தொடங்க வேண்டாம் என்று சொல். நூற்றில் எண்பது பேர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். மற்ற இருபது பேர் “குழந்தைப் பருவம் முதல்” என்று தொடங்குகிறார்கள்.

கடைசியாக, யாரிடம் ஆய்வு செய்ய விருப்பம் என்று மூன்று ஆசிரியர்களின் பெயரை வரிசையாகக் கொடுக்க வேண்டும். முதல் பெயராக என்னைப் போடச் சொன்னாயாம். அது வேண்டாம் என்பது என் எண்ணம். என் ஆய்வகம் சிறியது. இருக்கிற நான்கு பேருக்கே மேசை போதவில்லை. வினையூக்கிகளில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் இருக்கிறார், கண்டிப்பானவர், மாணவர்களுக்காகச் சண்டை போடுபவர். அவரை முதலில் போடட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், குறையாக எடுத்துக்கொள்ளாதே. இயற்பிய வேதியியலில் அவள் மதிப்பெண் ஐம்பத்திரண்டு. அதற்குப் பிறகு ஓராண்டு இடைவெளி. அது உன் அறுவை சிகிச்சைகளுக்காக என்று எனக்குத் தெரியும், சேர்க்கைக் குழுவுக்குத் தெரியாது. இடம் கிடைத்தாலும் முதல் ஆண்டு முடிவதற்குள் தகுதித் தேர்வு என்று ஒரு வாய்மொழித் தேர்வு வைத்து, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உன்னை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்து அவள் கஷ்டப்பட வேண்டுமா? உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நல்ல துறைகள் இருக்கின்றன. யோசித்துப் பார்.

மூன்றாவது மாடி ஆய்வகம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். மேசைகள் எல்லாம் புதியவை. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வாசற்படியைத் தாண்ட முடியாது. சன்னல் பக்கத்துச் சுவரில் மட்டும், அப்போது பூசிய இடம் இன்னும் தனி நிறமாகத் தெரிகிறது. எத்தனை தரம் வண்ணம் அடித்தாலும் அது ஒட்டுவதில்லை.

மருந்தை வேளைக்குப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அரைத்துளி


ஏப்ரல் 2

அன்புள்ள வாயாடிக்கு,

அலுவலகத்திலிருந்து உங்களுக்கு முறையான கடிதம் வரும். அதற்கு முன் என்னிடமிருந்து தெரிந்துகொள்வது நல்லது என்று நினைத்தேன். இந்த ஆண்டு ஐந்து இடங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள். உன் மகள் காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவதாக இருக்கிறாள். அந்தப் பட்டியலில் இருந்து எடுப்பது அபூர்வம். ஆகவே நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

காரணம் நான் முன்பே சொன்னவைதான். அந்த ஐம்பத்திரண்டு, அந்த ஓராண்டு. குழுவில் என்னால் முடிந்ததைச் சொன்னேன். நான் ஒருத்திதானே, மற்ற நால்வர் வேறு மாதிரி நினைத்தார்கள். நம் காலத்தில் அடுத்த அறையில் இருந்த தும்மலை நினைவிருக்கிறதா? எந்தக் கரைப்பானைத் திறந்தாலும் தும்முவானே, அவன்தான் இப்போது குழுவில் மூத்த பேராசிரியர். இப்போது கரைப்பான் பக்கமே போவதில்லை, ஆகவே தும்முவதும் இல்லை.

நான் வேண்டாம் என்று எழுதியும் என் பெயரையே முதலில் போட்டிருக்கிறாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை. நோக்க உரை நன்றாக இருந்தது. தன் மொழியில் எழுதியிருந்தாள். அடுத்த ஆண்டு வேறு இடத்தில் முயலட்டும். வேண்டுமானால் அந்த விண்ணப்பத்தை நான் திருத்தித் தருகிறேன்.

எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்கு ஒன்று இங்கே கிடைக்கிறது. உனக்குப் பயன்படுமா என்று மருத்துவரிடம் கேட்டுச் சொல். வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அரைத்துளி


ஏப்ரல் 19

அன்புள்ள வாயாடிக்கு,

உன் பதில் புதன்கிழமை வந்தது. இல்லை, உன் மகளின் பதில். விளக்கு வேண்டாம், படிக்க மகள் இருக்கிறாள் என்று நீ சொன்னதை முதலில் எழுதியிருந்தாள். பிறகு, “அரைத்துளி பேசியும் கிடைக்கலைன்னா தப்பு உன் விண்ணப்பத்துலதான், அவ மேல இல்ல” என்று நீ சொன்னதை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அவளாக நான்கு வரி. என் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அடுத்த முறை நோக்க உரையில், அம்மா செய்த பிழையையும் அதிலிருந்து தான் கற்றுக்கொண்டதையும் இன்னும் தெளிவாக விளக்குவேன் என்று எழுதியிருக்கிறாள்.

அந்த நான்கு வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

போன கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது. குழுவில் நான் முடிந்ததைச் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை. நடந்தது இதுதான். துறைத் தலைவரின் அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். உன் மகளின் கோப்பை எடுத்தபோது அவள் ஐந்தாவது இடத்தில் இருந்தாள். ஆமாம், ஐந்து இடங்களில் ஐந்தாவது. அந்த ஐம்பத்திரண்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, நுழைவுத் தேர்வில் அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாள். தலைவர் நோக்க உரையை வாய்விட்டுப் படித்தார். இந்தத் துறையின் மூன்றாவது மாடியில்தான் அம்மா ஆராய்ச்சி மாணவியாக இருந்தார், கவனப்பிழையாகக் கழிவுப் பாட்டிலில் அமிலத்தை ஊற்றி இடது கண்ணை இழந்தார், படிப்பை விட்டுப் பள்ளி ஆசிரியை ஆனார் என்று எழுதியிருந்தாள். கழிவுகளில் மெதுவாக நடக்கும் வினைகளைப் பற்றித் தான் ஆய்வு செய்ய விரும்புவதன் காரணமும் அதுதான் என்று இருந்தது. அடுத்த வரி: “ஆய்வகத்தில் அவளைப் போலக் கவனமானவளை நான் பார்த்ததில்லை என்று அம்மா சொல்லும் ஆசிரியையிடம் நான் கற்க விரும்புகிறேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நல்ல விதமாகத்தான். அப்போது தும்மல், “அந்த பாட்டில் கேஸோட பொண்ணா இது? அம்மா சுவத்தைப் பேத்தாங்க, பொண்ணு அதே மாடிக்கு வர்றேங்குது. கூரை தாங்குமா?” என்றான். அதற்கும் சிரித்தார்கள். நானும் உதட்டை அசைத்தேன் என்று நினைக்கிறேன். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நம் காலத்துக்குப் பிறகு வந்தவர். “நீங்க அப்ப அதே அறையிலதான இருந்தீங்க? என்ன நடந்துச்சு?” என்று என்னைக் கேட்டார்.

அதுதான் எனக்கு வந்த இரண்டாவது வாய்ப்பு. பழைய விஷயம் சார், அட்டையில இருந்ததைத்தான் விசாரணையில எழுதினாங்க என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, பார்த்தாயா? எனக்கு அரைத்துளி என்று பெயர் வைத்தவள் நீ. கரைசலை அளந்து சொட்டவிடும்போது முழுத் துளி விழுந்தால் நிறம் அளவு தாண்டி மாறிவிடும் என்று குழாய் முனையிலேயே துளியைப் பாதியாக நிறுத்துவேன் என்பதற்காக வைத்தாய். பேச்சிலும் அதையே பழகிவிட்டேன்.

அதற்குப் பிறகு, ஆய்வகத்தில் எதற்கு வம்பு என்று ஒருவர் சொன்னார். ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் மேலே போனார்கள். குறிப்பேட்டில் உன் மகளின் பெயருக்கு எதிரே “பாதுகாப்புப் பழக்கம் குறித்து ஐயம்” என்று எழுதினார்கள். அவளை யாரும் நேரில் கூடப் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் ஐந்து கையெழுத்து. நான்காவது என்னுடையது.

முதல் வாய்ப்பைப் பற்றி உனக்குத் தெரியும். ஆனால் முழுதாகத் தெரியாது.

நம் ஆய்வகத்தில் கழிவுப் பாட்டில்கள் இரண்டு உண்டு, கரைப்பானுக்கு ஒன்று, அமிலத்துக்கு ஒன்று. இரண்டும் ஒரே மாதிரிப் பழுப்புக் கண்ணாடி. கழுத்தில் நூலில் கட்டிய அட்டை. எதை ஊற்றினாலும், ஊற்றியவர் அந்த அட்டையில் பொருளையும் நேரத்தையும் எழுத வேண்டும். அட்டையில் இல்லாதது பாட்டிலில் இல்லை என்று நம் வழிகாட்டி ஓயாமல் சொல்வார். பல்லி போலச் சொல்கிறார் என்று நீ கேலி செய்வாய். நாம் எல்லோரும் அதை அப்படியே நம்பினோம். அட்டையைப் படித்துவிட்டுத்தான் பாட்டிலைத் தொடுவோம்.

அன்று பதினொரு மணிக்கு எனக்குத் தகுதித் தேர்வு. பத்தரை மணி வரை வடிகட்டும் கண்ணாடிப் புனல் ஒன்றை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். மீந்த அமிலம் நூறு மில்லி இருக்கும். அவசரத்தில் அட்டையைப் பார்க்காமலே பாட்டிலில் ஊற்றினேன், மூடியை இறுக்கினேன். பேனா என் மேசையில் இருந்தது. தேர்வு முடிந்து வந்து எழுதிக்கொள்ளலாம் என்று படி இறங்கினேன். இருபத்தாறு ஆண்டுகளில் அட்டையில் எழுதாமல் நான் ஊற்றியது அந்த ஒரு முறைதான்.

கீழ்த்தளத்தில் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தபோது மேலே சத்தம் கேட்டது. ஏதோ விழுந்திருக்கும் என்றார் ஒரு தேர்வாளர். நீங்க தொடருங்க என்றார் இன்னொருவர். நான் தொடர்ந்தேன். பதினைந்து நிமிடம் தொடர்ந்தேன்.

மேலே வந்தபோது உன்னைக் கொண்டுபோயிருந்தார்கள். தரை முழுக்கக் கண்ணாடி. அமிலப் பாட்டில் மட்டும் உடையாமல் நின்றது. அன்று காலைதான் அதைப் புதிதாக மாற்றியிருந்தார்கள், கழுவிக் காயவைத்த வெறும் பாட்டில். என் நூறு மில்லி அதற்குள் இருக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மறதி என்றோ சந்தேகம் என்றோ நான் சொல்லிக்கொள்ள இடமில்லை. மெத்தனாலும் மற்றதும் இருந்த பாட்டிலில் நைட்ரிக் அமிலத்தை ஊற்றி, காற்றுப் போக வழியில்லாமல் மூடியவள் நான். அது உள்ளே மெதுவாகப் பொங்கி, நாற்பது நிமிடம் கழித்து வெடித்தது.

கரைப்பான் பாட்டிலின் அட்டை சன்னல் கம்பியில் சிக்கிக் கிடைத்தது. கடைசி வரி உன் கையெழுத்தில், மெத்தனால், ஒன்பது ஐம்பது. அந்த வாரம் நீயும் நைட்ரிக் அமிலத்தில் வேலை செய்தாய். விசாரணைக்கு வந்தவர்களுக்கு அது போதும். அட்டையில் இல்லாத ஆள் பாட்டிலுக்குப் பக்கத்திலும் இல்லை. நீ பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். நீ ஏன் அந்த நேரத்தில் பாட்டில்கள் இருந்த தொட்டி அருகில் நின்றாய் என்று யாரும் கேட்கவில்லை. நான் போட்டுவிட்டுப் போன பாத்திரங்களைக் கழுவ நின்றாய். தேர்வு முடிந்து வரும்போது எனக்கு மேசை காலியாக இருக்கட்டும் என்று.

ஆஸ்பத்திரியில் ஆறாவது நாள் நீ என்னைக் கேட்டாய். “அன்னிக்கு அந்த பாட்டில்ல நீ எதாவது ஊத்தினியாடி?”

“இல்ல” என்றேன்.

“சரி. அப்ப நான்தான்” என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, பரீட்சை எப்படிப் போச்சு என்று கேட்டாய். தேறிவிட்டேன் என்றேன். என் கையைத் தட்டிக்கொடுத்தாய்.

நீ அதை நம்பினாயா, அல்லது நம்பிவிடுவது என்று முடிவு செய்தாயா என்பது எனக்குத் தெரியாது. எதையும் சான்று இல்லாமல் ஏற்காதவள் என்று என்னைச் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் சான்றைத் தேடாமல் இருந்துவிட்டேன். உன் மகளிடம் என்னைக் கவனமானவள் என்று நீ சொன்னது எந்த அர்த்தத்தில் என்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை துறைத் தலைவரிடம் இதையெல்லாம் எழுத்தில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். “இருபத்தாறு வருஷம் ஆச்சே. இதுனால அவங்களுக்குக் கண்ணு வந்துடுமா? உங்க பேருதான் கெடும். எடுத்துட்டுப் போயிடுங்க” என்றார். அவர் நல்ல மனிதர், எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். நான் எடுத்துக்கொண்டு போகவில்லை. வரவுப் பதிவேட்டில் எண் போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். எண் போட்ட எழுத்தர், படித்துக்கொண்டே முத்திரையைக் காகிதத்தில் வைக்காமல் மேசையில் குத்திவிட்டார். தும்மலுக்கு நேற்றே தெரிந்துவிட்டது. படியில் எதிரே வந்தவன் ஒதுங்கிப் போனான். நீ சொன்னது சரிதான், ஒதுங்குகிறவர்கள் நன்றாகத் தெரிகிறார்கள்.

என்ன ஆகும் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். என்னைச் சேர்க்கைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேற்கொண்டு விசாரணை வரலாம், வேலை போகலாம், எதுவும் நடக்காமலும் போகலாம். பழைய அறிக்கையை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். உன் பெயர் அதிலிருந்து போகும் வரை விட மாட்டேன். உன் மகளின் பெயருக்கு எதிரே எழுதிய அந்த வரியை நீக்கி, மே முதல் வாரத்தில் அவள் விண்ணப்பத்தை மறுபடி பார்ப்பதாகத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இடம் கிடைக்கும் என்று சொல்ல என்னால் முடியாது. ஐந்து பேருக்கும் கடிதம் போய்விட்டது, யாராவது வராமல் இருந்தால்தான் உண்டு. நான் வாயைத் திறந்திருந்தால் இந்த ‘யாராவது’ தேவைப்பட்டிருக்காது. வினையூக்கி அம்மையாரிடம் அவள் உரையைக் கொடுத்தேன். இடம் வந்தால் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். என்னிடம் அவர் வேறு எதுவும் பேசவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை இந்தக் கடிதத்தில் எங்கும் எனக்காக நான் எழுதவில்லை. கேட்கும் உரிமை ஆறாவது நாளோடு போயிற்று.

இனி எழுதுவது இதைப் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு.

மகளே, இதை உன் அம்மாவுக்கு நீதான் படித்துக் காட்ட வேண்டும் என்று தெரிந்தேதான் எழுதினேன். வேறு வழி இருந்தது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், உன்னை விட்டுவிட்டு அவளிடம் மட்டும். அப்படிச் செய்திருந்தால் உன் நோக்க உரையில் அந்தப் பொய் வரி அப்படியே இருக்கும். உன் அம்மா எந்தப் பிழையும் செய்யவில்லை. இனி எந்த விண்ணப்பத்திலும் அவளுக்காக நீ விளக்கம் எழுத வேண்டாம்.

என் மேல் உள்ள கோபத்தில் வேதியியலை விட்டுவிடாதே. இங்கே இடம் வந்தால் வா. அந்த அம்மையாரின் ஆய்வகம் இருக்கும் மூன்றாவது மாடிக்கு நான் வர மாட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே நீ பட்டம் வாங்கலாம், அதற்கு வேண்டியதைச் செய்துவிட்டேன். இங்கே வராவிட்டால் வேறெங்காவது போ. ஆனால் போ. எங்கே போனாலும், ஊற்றுவதற்கு முன்னால் பேனாவைக் கையில் எடு.

படிக்கும்போது நடுவில் எங்காவது நிறுத்தியிருப்பாய். எந்த இடம் என்றும் எனக்குத் தெரியும். வரியைத் தாண்டிப் போகாதே, மகளே. அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், சத்தமாகப் படி. படிக்கும்போது அவள் முகத்தைப் பார். அவளுக்கு இது புதிய செய்தியா, இல்லையா என்று அதில் தெரியும்.

என்ன தெரிந்தது என்று எனக்கு எழுத வேண்டாம்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

அரைத்துளி